சுட்ட பச்சை மிளகாயின் மணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக்கு 2023 முதல் அதிகாரபூர்வமாக ஒரு மணம் உண்டு. மாநில மரம், மாநிலப் பறவை போல மாநில மணம்: இலையுதிர்காலத்தில் பச்சை மிளகாய் சுடும் வாசனை. லாஸ் குருசெஸ் நகரத்துப் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொடுத்த யோசனை இது. சட்டமன்றத்தில் மசோதாவாகி, ஆளுநர் மிச்செல் லூஹான் கிரிஷாம் கையெழுத்துப் போட, சட்டமாகவே ஆகிவிட்டது. ஒரு வாசனைக்கு இப்படிச் சட்டம் போட்ட முதல் அமெரிக்க மாநிலம் அதுதான்.

இந்த மணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயங்கள் சொல்வார்கள். "நல்ல காரமான வாசனை" என்பது ஒன்று. "மூக்கில் பட்டாலே சின்ன வயசு ஞாபகம் வந்துவிடும்" என்பது இன்னொன்று. முதலாவது தவறு, காரத்துக்கு வாசனையே கிடையாது. இரண்டாவது உண்மை. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று கேட்டால், "மணம் என்றாலே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மிளகாயின் தோலிலிருந்து மூளை வரைக்கும் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இரண்டும் தெளிவாகப் புரியும். வேதியியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

## முதலில், எந்த மிளகாய்?

பச்சை மிளகாய் என்றதும் நமக்குச் சட்னியில் போடும் மெல்லிய மிளகாய்தான் நினைவுக்கு வரும். அதைத் தீயில் காட்டினால் கருகிப் போகும், அவ்வளவுதான். நியூ மெக்ஸிகோ மிளகாய் வேறு மாதிரி: ஒரு சாண் நீளம், வழவழப்பான தோல், நல்ல தடிமனான சதை. நம் கடைகளில் கிடைப்பவற்றில் பஜ்ஜி மிளகாயைத்தான் அதற்குக் கிட்டத்தில் வைக்கலாம். நம் மிளகாய், குடைமிளகாய், அவர்கள் மிளகாய் எல்லாமே பெரும்பாலும் காப்சிகம் அன்னும் என்ற ஒரே தாவர இனத்தின் வகைகள்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது அந்தக் குடும்பம்.

இந்த நீண்ட, சதைப்பிடிப்பான வடிவத்துக்குப் பின்னால் ஃபாபியான் கார்சியா என்ற தோட்டக்கலை அறிஞர் இருக்கிறார். மெக்ஸிகோவின் சிவாவா மாநிலத்தில் பிறந்து, லாஸ் குருசெஸ் வேளாண் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆய்வாளராக இருந்தவர். அந்தக் கல்லூரிதான் இன்றைய நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தொடங்கி, ஊர் மிளகாய்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, நியூ மெக்ஸிகோ எண் 9 என்ற வகையை உருவாக்கினார். அவர் தேடிய குணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: காம்புக்குக் கீழே தோள்பட்டை போலப் புடைப்பு இருக்கக்கூடாது. புடைப்பு இருந்தால் அதைச் சுற்றியுள்ள மடிப்பில் தோல் சிக்கிக்கொள்ளும், உரிக்க வராது. அதாவது, தோலுரிப்பதை மனதில் வைத்தே அந்தக் காயின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் ராய் நகயாமா 1975இல் வெளியிட்ட பிக் ஜிம் என்ற வகை ஓர் அடி நீளம் வரைகூட வளரும்.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். ஹாட்ச் மிளகாய் என்று பெயர் சொல்லி விற்கிறார்கள் அல்லவா, ஹாட்ச் என்பது மிளகாய் வகையின் பெயர் இல்லை. ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர். அந்தப் பள்ளத்தாக்கில் விளையும் பல வகைகளுக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர். அடுத்தது, பச்சை மிளகாயும் சிவப்பு மிளகாயும் இரண்டு வேறு செடிகள் இல்லை. பழுக்காமல் பறித்தால் பச்சை, செடியிலேயே விட்டுவிட்டால் சிவப்பு. உணவகத்தில் உட்கார்ந்ததும் "சிவப்பா, பச்சையா?" என்று குழம்பைப் பற்றிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியையும் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாக அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொன்னால் போதும்.

## தீயின் முதல் வேலை, தோலைக் கழற்றுவது

கொத்சுவுக்குக் கத்தரிக்காய் சுட்டவர்களுக்கு இது கைப்பழக்கமான விஷயம். தீயில் நேரடியாக வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் தோல் கறுத்து, வெடித்து, தனியாக வந்துவிடும். நியூ மெக்ஸிகோவில் மிளகாய்க்குச் செய்வதும் இதைத்தான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. இரும்பு வலையால் செய்த பெரிய உருளைக்குள் ஒரு சாக்கு மிளகாயை, அதாவது ஏறக்குறைய 15 கிலோவைக் கொட்டுகிறார்கள். உருளை சுற்றச் சுற்ற, புரோப்பேன் வாயு அடுப்புகள் பக்கத்திலிருந்து சீறிக்கொண்டு அடிக்கின்றன. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பெரிய மளிகைக் கடைகளின் கார் நிறுத்துமிடத்திலேயே இது நடப்பதால் வாசனை தெருவெல்லாம் போகும்.

மிளகாய்த் தோலின் வெளிப்புறத்தில் கியூட்டின் என்ற மெழுகுத்தன்மையுள்ள உறை இருக்கிறது. காயிலுள்ள தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகாமல் காப்பது அதன் வேலை. அந்த உறை நம் பல்லுக்கும் மசியாது, வயிற்றிலும் செரிக்காது. அதனால்தான் அந்தத் தோலை நீக்கியாக வேண்டியிருக்கிறது.

கடுந்தீ பட்டதும் தோலுக்கு அடியில் உள்ள தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உறையோ அதை வெளியே விடாது. வேறு வழியில்லாமல் ஆவி தோலைச் சதையிலிருந்து தூக்குகிறது, கொப்புளம் வருகிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையும் சூட்டில் இளகிவிடுவதால் தோல் இன்னும் சுலபமாகக் கழல்கிறது.

தீ ஏன் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. சிறுதீயில் வைத்தால் சூடு மெல்ல உள்ளே இறங்கும். தோல் கொப்புளிப்பதற்குள் சதை குழைந்து போகும். கடுந்தீ வெளிப்புறத்தை மட்டும் வேகமாகச் சுட்டுவிட்டு, சதை முழுசாக வேகுமுன் வேலையை முடித்துவிடுகிறது. சுட்டதும் மிளகாயைப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி, தீ தொட மறந்த இடங்களிலும் தோலை இளக்கும்.

ஆக, சுடுவதன் முதல் நோக்கம் தோலுரிப்பது. மணம் அதனுடன் சேர்ந்து கிடைத்த வரவு. ஆனால் அந்த வரவுக்காகவே இன்று பலரும் வரிசையில் நிற்கிறார்கள்.

## மணத்துக்குள் இருக்கும் அடுக்குகள்

மணம் என்பது காற்றில் மிதந்து வந்து மூக்குக்குள் போகும் சிறுசிறு மூலக்கூறுகள். ஆவியாகக்கூடிய பொருளுக்கு மட்டும்தான் மணம் இருக்க முடியும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் தானாகப் புரியும்.

சுடும் மிளகாயிலிருந்து முதலில் கிளம்புவது பச்சை மணம். குடைமிளகாயை நறுக்கியதும் வருமே, அதே மணம். மீதாக்சிபைரசின் என்ற நைட்ரஜன் கொண்ட மூலக்கூறுகள் இதற்குக் காரணம். அவற்றில் முக்கியமான ஒன்றை 1969இல் குடைமிளகாயில் கண்டறிந்தார்கள். மனித மூக்கு அதை நுகரும் திறனைக் கேட்டால் நம்புவது கடினம்: 100 கோடி லிட்டர் தண்ணீரில் 2 கிராம் கலந்திருந்தால்கூட நம்மால் உணர முடியும். காய் பழுத்துச் சிவக்கும்போது இந்த மூலக்கூறு குறைந்துவிடுகிறது. பச்சை மிளகாய் சுடும் மணமும் சிவப்பு மிளகாய் சுடும் மணமும் வேறுவேறாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். மாநிலச் சட்டத்தில் "பச்சை" என்ற சொல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

அடுத்தது வறுத்த மணம். காயில் ஈரம் இருக்கும்வரை சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருக்கும் ஹாட்ச் ஊரில் அந்தக் கொதிநிலை ஏறக்குறைய 96 பாகை. கொப்புளமாகிக் காய்ந்துபோன தோல் இந்தத் தடையைத் தாண்டி 140 பாகைக்கு மேல் போகிறது. அங்கே சர்க்கரையும், புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் பல புதிய மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. இதற்கு மயார் வினை என்று பெயர். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மயாரின் பெயரால் வந்தது. காப்பிக்கொட்டை வறுபடும்போதும் தோசை முறுகும்போதும் நடப்பது இதே வினைதான்.

கடைசியாகப் புகை மணம். தோல் கறுத்துக் கரியாகும் இடங்களில் சூடு இன்னும் வெகுவாக ஏறிவிடும். அங்கே செல்சுவர்களே உடைந்து சிதைகின்றன. இப்படிச் சூட்டினால் ஒரு பொருள் துண்டுதுண்டாவதை வெப்பச்சிதைவு என்பார்கள். அதில் குவாயகால் போன்ற மூலக்கூறுகள் பிறக்கின்றன. விறகுப் புகைக்கு அதன் மணத்தைக் கொடுப்பதும் இவைதான்.

மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே காயிலிருந்து வருவதுதான் இங்கே விசேஷம். ஒரு பக்கம் தோல் கரியாகிக்கொண்டிருக்க, அதற்கு 2 மில்லிமீட்டர் உள்ளே சதை இன்னும் பச்சையாகவே இருக்கிறது. வாணலியில் மெதுவாக வதக்கினால் வறுத்த மணம் வரும், ஆனால் இந்தக் கலவை வராது. பச்சை, வறுத்தது, புகை மூன்றும் பிரியாமல் சேர்ந்து வருவதற்குக் கடுந்தீ தேவை.

## சரி, காரம் எங்கே?

காரத்தைத் தரும் பொருள் காப்சைசின். விதைகளில் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சவ்வில்தான் அது உருவாகிறது; விதைகளுக்கு ஒட்டுறவால் வந்து சேர்வதுதான். காப்சைசின் எடை கூடிய மூலக்கூறு, எளிதில் ஆவியாகாது. சற்று முன்பு பார்த்த விதியைப் பொருத்திப் பாருங்கள்: ஆவியாகாததற்கு மணம் இல்லை. சுத்தமான காப்சைசின் மணமற்ற பொருள்.

இதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளலாம். குடைமிளகாயில் காப்சைசின் கிடையாது என்றே சொல்லலாம். அதைத் தீயில் சுட்டுப் பாருங்கள். நியூ மெக்ஸிகோ மிளகாயின் மணத்துக்கு உறவான மணமே வரும்.

அப்படியானால் மிளகாய் சுடும்போது வரும் இருமலும் கண்ணெரிச்சலும்? அது நெடி. அதையும் மணத்தையும் நம் உடல் இரண்டு தனி வழிகளில் உணர்கிறது. சூட்டில் தெறிக்கும் நுண்ணிய துளிகளும் புகைத்துகள்களும் காப்சைசினைச் சுமந்துகொண்டு காற்றில் கலக்கின்றன. அவை மூக்கிலும் கண்ணிலும் தொண்டையிலும் உள்ள வலி நரம்புகளைத் தொடுகின்றன. அந்த நரம்புகளின் முனையில் டிஆர்பிவி1 என்ற புரதம் ஒரு கதவு போல இருக்கிறது. ஏறக்குறைய 43 பாகைக்கு மேல் சூடு பட்டால் திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. காப்சைசினும் அதே கதவைத் திறந்துவிடுகிறது. சூடே இல்லாதபோதும் மிளகாய் எரிவது அதனால்தான். டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு ஆர்டெம் படபூட்டியனுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

சுருக்கமாக: மணம் மூக்கின் மேற்பகுதியில் உள்ள நுகர்ச்சிச் செல்கள் வழியே போகிறது; நெடி வலி நரம்பு வழியே போகிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருவதால் நாம் இரண்டையும் சேர்த்து "காரமான வாசனை" என்று சொல்லிவிடுகிறோம். காரமே இல்லாத மிளகாய் ரகத்தைச் சுட்டாலும் அந்த மணம் குறையாது.

## அந்தச் சில வாரங்கள் மட்டும் ஏன்?

இந்த மணத்தை ஏன் கோடையின் முடிவோடு சேர்த்தே நினைக்கிறார்கள் என்பதற்கு விடை அறுவடையில் இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் காய்கள் முழு அளவுக்கு வளர்ந்து, இன்னும் பச்சையாக இருக்கும். அக்டோபருக்குள் விட்டுவைத்தவை சிவந்துவிடும். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டித்தான் ஹாட்ச் ஊரின் மிளகாய்த் திருவிழாவும் நடக்கிறது.

சிவப்பு மிளகாயை வெயிலில் காயவைத்தால் ஆண்டு முழுக்க இருக்கும். ரிஸ்ட்ரா என்று மாலை மாலையாகக் கோத்து வீட்டு முகப்பில் தொங்கவிடுவார்கள். பச்சை மிளகாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். பறித்துக் கொஞ்ச நாளில் வாடிவிடும், இல்லையென்றால் அழுகிவிடும். பழைய காலத்தில் சுட்டு, தோலுரித்து, சதையைக் காயவைத்துச் சிலே பசாடோ என்ற பெயரில் சேமித்தார்கள். வீட்டுக்கு வீடு உறைபெட்டி வந்த பிறகு, சாக்குக் கணக்கில் வாங்கி, கடை வாசலிலேயே சுட்டு வாங்கி, பொட்டலம் கட்டி உறையவைக்கிறார்கள். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட பச்சை மிளகாய்க் குழம்பு, என்சிலாடா, சீஸ் பர்கர் எல்லாவற்றுக்கும் அடுத்த கோடை வரை அந்தச் சேமிப்புதான்.

ஓர் ஆண்டுக்கான வேலையை எல்லா வீடுகளும் ஒரே சில வாரங்களில் முடித்துக்கொள்கின்றன. ஒரு மாநிலமே ஒரே நேரத்தில் ஒரே மணத்தில் மூழ்குவது அதனால்தான்.

அந்தப் பருவத்துக்கு வேறு மணங்களும் உண்டு. நியூ மெக்ஸிகோவின் பருவமழை ஜூலையில் தொடங்கிச் செப்டம்பர் வரை போகும். காய்ந்த மண்ணில் விழும் மழையின் மணம் அந்த வாரங்களில் அடிக்கடி வரும். தெற்குப் பாலைநிலத்தில் கிரியோசோட் புதர்களின் பிசின் மணமும் மழையோடு சேர்ந்து எழும். குளிர் தொடங்கியதும் பின்யான் என்ற பைன் மரத்தின் விறகுப் புகை. மிளகாய் மணம் இவற்றுக்கு நடுவில் வருகிறது.

## மூக்கிலிருந்து நினைவுக்கு

மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை மண உணர்விகள் இருக்கின்றன. மண உணர்வி என்பது, குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறுகள் வந்து ஒட்டினால் சமிக்ஞை கொடுக்கும் புரதம். ஒரு மணம் பல உணர்விகளைத் தூண்டும்; எவை எவை தூண்டப்பட்டன என்ற கோலத்தை வைத்து மூளை அதை அடையாளம் காண்கிறது. இந்த உணர்விகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சுட்ட மிளகாயின் மூன்று அடுக்குகளும் மூளைக்குப் போய்ச் சேரும்போது தனித்தனியாக இருப்பதில்லை. ஒரே கோலமாகப் பதிகின்றன.

பார்த்தது, கேட்டது, தொட்டது எல்லாம் மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் என்ற சந்திப்பில் நின்றுதான் அடுத்த இடத்துக்குப் போகும். மணம் அங்கே நிற்பதில்லை. நுகர்ச்சிப் பகுதியிலிருந்து நேரடியாக, உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்குப் போகிறது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அங்கிருந்து தூரமில்லை. "இது என்ன வாசனை?" என்று பெயர் தேடி முடிப்பதற்குள் மனம் நெகிழ்ந்துவிடுவது இந்தக் குறுக்குவழியால்தான்.

படமோ சொல்லோ தூண்டும் நினைவுகளில் பதின்ம வயதும் இளமைப்பருவமும் அதிகம் வரும். மணம் தூண்டும் நினைவுகளோ பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தையவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பா அம்மாவோடு சாக்குப் பக்கத்தில் நின்று உருளை சுற்றுவதைப் பார்த்த பிள்ளைக்கு, அந்த மணத்தோடு முதலில் ஒட்டிக்கொண்டது அந்த இடமும் அந்த மனிதர்களும்தான். முதலில் ஒட்டியது எளிதில் போகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மணம் கிளப்பும் நினைவு மற்ற நினைவுகளைவிடத் துல்லியமானது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அதில் உணர்ச்சி கூடுதல். விவரங்கள் தவறாக இருக்க மற்ற நினைவுகளுக்கு உள்ள அதே வாய்ப்பு அதற்கும் உண்டு.

பருவமும் இதில் கைகொடுக்கிறது. எந்த மணமும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இதை நுகர்ச்சித் தகவமைவு என்பார்கள். தினமும் வருகிற மணம் எந்த ஒரு நாளோடும் தனியாக ஒட்டுவதில்லை. பத்து மாதம் காணாமல் போய், மறுபடி ஆகஸ்டில் வரும் மணம், போன முறை வந்த நாள்களோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆண்டு முழுக்கக் கடை வாசலில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தால் அதற்கு மாநில மணம் என்ற பெயர் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

## வீட்டில் செய்து பார்க்க

பஜ்ஜி மிளகாயோ குடைமிளகாயோ போதும். வளைவு இல்லாத, தோல் வழவழப்பான காய்களாக எடுங்கள்; தீ எல்லாப் பக்கமும் சமமாகப் படும். உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்காமல் இருக்க ஒரு சிறு கீறல் போடுங்கள். சன்னலைத் திறந்துவைத்துவிட்டு, அடுப்பைப் பெரிதாக வைத்து, இடுக்கியால் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் முழுவதும் கொப்புளித்து அங்கங்கே கறுத்தால் போதும், எல்லா இடமும் கரியாக வேண்டியதில்லை. முழுக்கக் கரியானால் பச்சை மணம் போய்விடும், கசப்பும் ஏறும்.

சூட்டோடு பாத்திரத்தில் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் மூடிவையுங்கள். அப்புறம் விரலால் தேய்த்தாலே தோல் வரும். காரமான ரகமாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. காப்சைசின் கொழுப்பில் கரையும் பொருள், வெறும் தண்ணீரில் கழுவினால் விரலை விட்டுப் போகாது.

உரிப்பதற்குச் சுலபம் என்று குழாய்த் தண்ணீரில் காட்டிவிடாதீர்கள். வறுத்த மணமும் புகை மணமும் தோலுக்கு அடியில் ஊறி நிற்கும் சாற்றில்தான் இருக்கின்றன. தண்ணீரில் பிடித்தால் எல்லாம் போய்விடும். ஒட்டிக்கொண்ட கரித்துணுக்குகள் ஒன்றிரண்டு இருந்தால் இருக்கட்டும். நிறையச் சுட்டுவிட்டீர்கள் என்றால், நியூ மெக்ஸிகோக்காரர்கள் பலர் செய்வதுபோலத் தோலோடேயே உறையவைக்கலாம். வேண்டியபோது எடுத்து வெளியே வைத்தால், பனி விடும்போதே தோல் தானாக நழுவி வரும்.